வாழைக் கன்றை வெட்டலாமா?

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, மண்ணச்சநல்லூரை அடுத்துள்ள திருப்பைஞ்ஞீலியில் தலவிருட்சம் வாழை. ஞீலி என்பது ஒருவகை வாழை. பசுமையான ஞீலி வனத்தில் எழுந்தருளியதால் இறைவன் ஞீலிவனேஸ்வரர் எனப் பெயர் பெற்றார். தேவார மூவரும் பாடிய தலம் இது. திருமணம் தடைப்பட்டவர்கள் அங்குள்ள கல்வாழைக்குப் பரிகார பூஜை செய்வதை இன்றும் காணலாம். அவ்வாழையின் பழத்தை மனிதர் உண்பதில்லை. இறைவனுக்கு நிவேதித்து நீரில் விட்டுவிடுவது வழக்கம் என்பர்.

வாழையை இவ்வாறு தெய்வமாகவே கண்டு பழகிய இல்லங்களில், கொல்லையில் தானாக முளைத்த கன்றின் மீது கத்தி வைக்கப் பெரியவர்களுக்கு மனம் வருவதில்லை. 'வாழையடி வாழையாக வாழ்க' என்று மணமக்களை வாழ்த்திய வாயால் கன்றை வெட்டச் சொல்வது எப்படி என்ற தயக்கம். விளைவு என்ன? மூன்றாம் ஆண்டில் ஒரே தூரில் ஏழெட்டு மரங்கள் நெருங்கி நிற்கும். குலை தள்ளினால் இரண்டு மூன்று சீப்பு. காய் விரற்கடை அளவு. பிறந்த வீட்டிலிருந்து ஆசையாய்க் கொண்டுவந்த வாழை, பாசத்தாலேயே நலிந்து போகிறது.

தயக்கத்திற்கு இடமே இல்லை. நாம் மரம் என்று காண்பது இலையுறைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கும் பொய்த்தண்டு. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கே. அது ஒரு முறை குலை ஈன்றதும் தன் கடமையை முடித்துக்கொள்கிறது; அதன் பக்க மொட்டுகளே கன்றுகளாக எழுகின்றன. எழும் கன்று ஒவ்வொன்றும் தாயின் உணவைப் பங்கு கேட்கிறது. ஆகவே தாய் பூ விடும் வரை, மாதம் ஒரு முறையேனும் கன்றுகளை அகற்றிவிட வேண்டும். தரைமட்டமாக அறுத்தால் மட்டும் போதாது, பத்து நாளில் மீண்டும் துளிர்க்கும். நடுக்குருத்தைக் கூரிய கத்தி முனையால் குடைந்து எடுத்துவிட வேண்டும். கடப்பாரையால் நெம்பித் தாய்க் கிழங்கை அசைப்பவர்கள், பின்னர் காற்றில் மரம் சாய்ந்ததென்று வருந்துவார்கள்.

பூ வெளிவந்த பின் ஒரே ஒரு கன்றை விட்டுவைக்கலாம். எந்தக் கன்று என்பதில்தான் அனுபவம் பேசுகிறது. கன்றுகளில் இருவகை உண்டு. அடி பருத்து, நுனி குறுகி, இலை ஈட்டிபோல் ஒடுங்கி நிற்பது ஈட்டிக் கன்று. தாய்க் கிழங்கோடு உறுதியாகப் பிணைந்தது. சிறிய வயதிலேயே அகன்ற இலை விரித்து அழகு காட்டுவது நீர்க்கன்று. பிணைப்பு வலுவற்றது, நல்ல குலை தராது. பார்வைக்குச் செழிப்பாகத் தெரிவதால் பலர் நீர்க்கன்றையே வைத்துக்கொள்கிறார்கள்! ஆயுத பூஜைக்கு வாசலிலும் வாகனத்திலும் கட்டக் கன்று தேவைப்பட்டால், எப்படியும் களைய வேண்டிய இந்த நீர்க்கன்றுகளை எடுத்துக்கொள்ளலாம். ஈட்டிக் கன்றைத் தொட வேண்டாம்.

விட்டுவைக்கும் கன்று சுவரை நோக்கியதாக இருக்கலாகாது. தலைமுறைக்குத் தலைமுறை தூர் அத்திசையில் நகர்ந்து, கடைசியில் சுற்றுச்சுவர் அடித்தளத்தில் முட்டும். கிழங்கும் ஆண்டுதோறும் சற்று மேலெழும்பும். அடியில் மண் அணைத்துக்கொண்டே வர வேண்டும்.

குலை வெட்டியவுடன் தாய்மரத்தை வேரோடு சாய்ப்பது இன்னொரு வழக்கம். 2 அடி உயரத்திற்கு அடித்தண்டை நிறுத்திவைத்தால், அதிலுள்ள ஊட்டம் மெல்லக் கன்றுக்கு இறங்கும். மேற்பகுதித் தண்டு சமையலுக்குப் போதும். பூவை, கடைசிச் சீப்பு விரிந்த சில நாள்களில் ஒடித்துவிடலாம். கள்ளனை நீக்கும் பொறுமை உள்ள இல்லத்தில் அதுவும் ஒரு வேளைக் கறி.

புதிதாக நடுவோர் 2 அல்லது 3 மாத வயதுள்ள ஈட்டிக் கன்றாகத் தேர்ந்து, பழைய வேர்களையும் அழுகிய பகுதியையும் சீவிவிட்டு, ஒன்றரை அடி ஆழ, அகலக் குழியில் தொழுவுரம் இட்டு நட வேண்டும். இரு மரங்களுக்கிடையே 6 அடி அவசியம். இலைக்கும் பூஜைப் பழத்திற்கும் பூவன் ஏற்றது. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குரிய விருப்பாச்சி மலைவாழையைச் சமவெளிக் கொல்லையில் வைத்து அதே சுவையை எதிர்பார்ப்பது வீண்.

கன்றைக் கொடுப்பதும் வாங்குவதும் நம்மவரிடையே நல்லுறவின் அடையாளம். நோயும் அவ்வழியே வீடு வீடாகச் செல்கிறது. புதிய இலைகள் குட்டையாகி உச்சியில் கொத்தாக நெருங்கி நின்றால் அது முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்புவது. அதற்கு மருந்தில்லை. கிழங்கின் கடைசித் துண்டு வரை தோண்டி அழிக்க வேண்டும். ரஸ்தாளியில் அடியிலைகள் மஞ்சளாகித் தண்டைச் சுற்றித் தொங்கினால் வாடல் நோய் என்று ஐயுறலாம். கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரியும். அக்குழியில் மறுபடி ரஸ்தாளி வைக்கலாகாது. அந்நோய் எளிதில் தாக்காத பூவனை வேறிடத்தில் நடலாம். அவ்வாறான தூரிலிருந்து கன்று கேட்டு வருபவர் சம்பந்தியே ஆனாலும், காரணத்தைச் சொல்லி, வெற்றிலை பாக்கோடு அனுப்பிவைப்பதே முறை.