கோழித் தீவனத்தைப் புளிக்க வைக்கலாம், மருந்தாக்க வேண்டாம்

நாட்டுக்கோழி முட்டை கேட்டு போன் பண்ணுகிற டவுன்காரர்கள் முன்பெல்லாம் ரெண்டே கேள்விதான் கேட்பார்கள். "மேய்ச்சல் கோழிதானுங்களா?", "மஞ்சக்கரு நல்லா செவப்பா இருக்குமுங்களா?" இந்த ஒரு வருஷமா மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு. "ஃபெர்மென்டட் ஃபீட் குடுக்குறீங்களா?"

குடுக்கிறேனுங்க. ஆனா கேட்கிறவங்க மனசுல நினைக்கிறதும் எங்க வீட்டுப் பக்கெட்டுல இருக்கிறதும் ஒண்ணு இல்லை. வீடியோ பார்த்துட்டு, இது ஏதோ கோழிக்கு வியாதியே வராமப் பண்ற அமுதம், முட்டையை ரெட்டிப்பாக்குற ரகசியம்னு நம்பி வர்றாங்க. பாட்டில்ல அடைச்ச 'நுண்ணுயிர்க் கரைசல்' வாங்கி ஊத்துறவங்களும் இருக்காங்க. மொட்டை மாடியில நாலு கோழி வளர்க்கிறவர் அதுக்கு மாசாமாசம் காசு செலவு பண்றதைப் பார்த்தா எனக்கு மனசு கேட்கலை. அதான் இதை எழுதுறேன்.

முதல்ல, இது புதுசு கிடையாது. எங்க அப்பத்தா காலத்துல சமையல்கட்டுக்குப் பின்னால ஒரு கழனித்தண்ணித் தாழி இருக்கும். அரிசி களைஞ்ச தண்ணி, வடிச்ச கஞ்சி, மிஞ்சின சோறு எல்லாம் அதுலதான் விழும். முக்கால்வாசி மாட்டுக்குப் போகும். அடியில தங்குற பருக்கையில தவிட்டைப் பிசைஞ்சு கோழிக்கு வைப்பாங்க. மறுநாள் அது புளிச்சுத்தான் இருக்கும். யாரும் அதுக்குப் பேர் வைக்கலை, விலையும் வைக்கலை. அதே சமயம் அந்தக் காலக் கோழிங்க பிசைஞ்ச தவிட்டுல மட்டும் வாழலை. குப்பைமேடு, மாட்டுச்சாணி, களத்துல சிந்தின சோளம், கரையான் புத்து இதெல்லாம்தான் அதுங்களுக்குப் பாதிச் சாப்பாடு. இன்னிக்கு களமும் இல்லை, குப்பைமேடும் குறைஞ்சுபோச்சு. அந்தப் பாதியை நாமதான் தட்டுல வைக்க வேண்டியிருக்கு.

எங்க வீட்டுல கலக்குற கணக்கு இது. 10 கிலோவுக்கு உடைச்ச மக்காச்சோளம் 4 கிலோ, கம்பு 2 கிலோ, அரிசிக் குருணை 1 கிலோ, தவிடு 1 கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒண்ணரை கிலோ, உப்பில்லாத கருவாட்டுத்தூள் அரை கிலோ. இதுல புரதம் தோராயமா 16 சதவீதம் வரும். முட்டையிடுற பெட்டைக்கு இது போதும். குஞ்சுகளுக்கு இன்னும் கூடுதலா வேணும், அதுக்குக் கரையானும் பருப்புக் குருணையும் சேர்த்துக்குவோம். கருவாட்டை மட்டும் புளிக்க விடுறதில்லை. அது அழுகி நாறிடும். வைக்கிற நேரத்துல மேல தூவுறதுதான்.

மத்ததையெல்லாம் ஒரு நாளைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் எடுத்து, பிளாஸ்டிக் பக்கெட்டிலோ மண்பானையிலோ போட்டு, ரெண்டு விரக்கடை மேல நிக்கிற மாதிரி தண்ணி ஊத்தணும். புளிப்பு ஏறினா அலுமினியம், செம்பு ஒத்துக்காது. முதல் தடவை ரெண்டு கரண்டி நீராகாரம் ஊத்தினாப் போதும். அது இல்லைன்னா ஒரு ஸ்பூன் இட்லி மாவு. மறுதடவைக்கு, முந்தின பக்கெட்டுல வடிச்ச தண்ணியே போதும். மூடியை இறுக்கிப் போடக்கூடாது, உள்ள காத்து உண்டாகும். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா கிண்டிவிடணும். சித்திரை வெயில்ல ஒரே நாள்ல தயார். மார்கழியில ரெண்டு மூணு நாள் ஆகும். தண்ணியை வடிச்சுட்டு, புட்டுமாவு பதத்துக்கு உதிரியா வைக்கணும். ஒரு மணி நேரத்துல தின்னு முடிக்கிற அளவுதான். மிச்சம் கிடந்தா ஈ மொய்க்கும். தட்டை தினமும் கழுவணும். குடிக்கிற தண்ணி தனியா எப்பவும் இருக்கணும்.

பதத்தை மூக்கே சொல்லிடும். பழைய சோத்துத் தண்ணி வாசம் வந்தா சரி. மேல மெல்லிசா வெள்ளை ஆடை படிஞ்சா பயப்பட வேண்டாம், எடுத்து வீசிட்டுக் கிண்டலாம். பச்சை, கருப்பு, ரோஸ் நிறத்துல பூஞ்சணம் தெரிஞ்சாலோ, அழுகல் நாத்தம் வந்தாலோ யோசிக்கவே கூடாது. அப்படியே உரக்குழிக்கு.

இதால என்ன லாபம்னா, இருக்கு. தானியத்துல இருக்கிற பாஸ்பரஸ்ல பெரும்பகுதி 'பைட்டேட்'டுங்கிற பொருளாக் கட்டுண்டு கிடக்கு. அதை உடைக்கிற சக்தி கோழி வயித்துக்குக் குறைவு. அதனாலதான் கம்பெனித் தீவனத்துல பைட்டேஸ்னு ஒரு நொதியைச் சேர்க்கிறாங்க. ஊறிப் புளிக்கும்போது அந்தக் கட்டு கொஞ்சம் அவிழும். லாக்டிக் அமிலம் உண்டாகி புளிப்பு ஏறுறதால பல கெட்ட பாக்டீரியாக்கள் அதுல வளரச் சிரமப்படும். தவிடும் மாவும் ஈரத்துல ஒட்டிக்கிறதால கோழி கிளறி இறைச்சு வீணாக்குறது குறையும். எங்க வீட்டுல கண்ணுக்குத் தெரியுற லாபம் இந்தக் கடைசிதான். உலர்ந்த தீவனம் வைச்ச காலத்துல தட்டைச் சுத்தி மண்ணுல கிடந்த தவிட்டை நினைச்சாலே வயித்தெரிச்சலா இருக்கும்.

இனி, நான் ஒத்துக்க முடியாத பேச்சுகள்.

"புளிக்க வைச்சா தீவனச் செலவு பாதி." ஒரு கிலோ தானியம் ஊறி ரெண்டரை கிலோ ஆச்சுன்னா, கூடின ஒண்ணரை கிலோவும் தண்ணி. பக்கெட் நிறைஞ்சு தெரியறதை வைச்சு தானியத்தைப் பாதியாக் குறைச்சா, கோழி மெலிஞ்சு முட்டை நின்னுடும். தீவனம் கொஞ்சம் மிச்சமாகும், பாதியெல்லாம் ஆகாது.

"மஞ்சக்கரு செவக்கும்." அந்த நிறம் மக்காச்சோளத்துலயும் கீரையிலயும் இருக்கிற கரோட்டின் வகைச் சாயத்துல வர்றது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை குடுங்க, தானா வரும். புளிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நிறத்தை மட்டும் பார்த்து முட்டை வாங்குறவங்களை ஏமாத்த, தீவனத்துல சாயம் கலந்தாலே போதும்.

"பூஞ்சணம் பிடிச்ச தானியம் புளிக்க வைச்சா சரியாயிடும்." இது ஆபத்து. மழையில நனைஞ்ச மக்காச்சோளத்துலயும் பழைய கடலைப் புண்ணாக்குலயும் அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்சு சேரும். வேகவைச்சாலும் அது முழுசாப் போகாது. புளிப்பை நம்பிக் குடுத்தா கோழியோட ஈரல் கெடும், முட்டை வழியா நமக்கும் கொஞ்சம் வரும். விலை மலிவா வருதுன்னு கருத்த மக்காச்சோளம் வாங்காதீங்க.

கடைசியா, எல்லாத்தையும் விட மோசமானது: "இதைக் குடுத்தா தடுப்பூசி வேண்டாம்." பக்கத்துத் தோட்டத்து அக்கா அப்படித்தான் நம்பினாங்க. யாரோ வாட்சப்புல அனுப்பின பேச்சு. ஒரு மாசி மாசம் வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்துல முப்பத்திச் சொச்சம் கோழி போச்சு. கழுத்து முறுக்கி, ரெக்கை தொங்கி, பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு கிடந்ததைப் பார்க்கச் சகிக்கலை. ராணிக்கேத் நோய்னு சொல்றது இதைத்தான். வைரஸ். அது வந்துட்டா மருந்து கிடையாது, வராம தடுக்கத்தான் முடியும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணுல ஒரு சொட்டு, நாலாவது வாரம் இன்னொரு தடவை, எட்டு வாரம் தாண்டினா இறக்கையில ஊசி. கால்நடைத் துறை வருஷாவருஷம் பிப்ரவரி வாக்குல ரெண்டு வாரம் முகாம் போட்டு இலவசமாவே போடுறாங்க. ஒரு சொட்டு மருந்தை எந்தப் புளிச்ச தண்ணியும் ஈடு செய்யாது.

ஏன் இவ்வளவு கோபம்னு கேட்பீங்க. அந்த முப்பது கோழியும் அந்த அக்காவோட சிறுவாட்டுக் காசு. கிராமத்துல பால் பணம் வீட்டுச் செலவுக்கும், மஞ்சள் பணம் கடனுக்கும் போயிடும். கோழி வித்த காசு ஒண்ணுதான் பொம்பளைங்க கையில யாரும் கணக்குக் கேட்காம இருக்கிறது. பேத்திக்குக் கொலுசு, பள்ளிக்கூட நோட்டு, திடீர்னு ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் அதுதான். தீவன மூட்டை விலை ஏற ஏற, கட்டுப்படியாகலைன்னு எங்க ஊர்ல கூடையைக் கவுத்து வைச்சவங்க பல பேர். அவங்க திரும்பக் கோழி வைக்கணும்னா வீட்டுத் தானியத்தை வீணாக்காம தின்ன வைக்கிற இந்தப் பழைய வழி நல்ல துணை. அதனாலதான் நான் இதைச் செய்யறேன், கேட்கிறவங்களுக்குச் சொல்லியும் தர்றேன். அதையே அதிசயமா ஊதிப் பெருக்கி, நம்பினவங்க கோழியெல்லாம் செத்தா, அடுத்த தடவை நல்லதைச் சொன்னாலும் யாரும் காது குடுக்க மாட்டாங்க.

போன மாசம் ஒரு வியாபாரி வந்தார். "'ஃபெர்மென்டட் ஃபீட், ஆன்டிபயாடிக் ஃப்ரீ'ன்னு லேபிள் ஒட்டிக்கிறேன், முட்டைக்கு ரெண்டு ரூவா சேர்த்துத் தர்றேன்"னார். முதல் பாதி உண்மைதான். ரெண்டாவது பாதிக்கு எங்க ஊர் முழுக்க நான் எப்படிங்க உத்தரவாதம் குடுக்கிறது? 'கோலிஸ்டின்'ங்கிற மருந்தை, மனுசனுக்குக் கடைசிக் கட்டத்துல தேவைப்படுறதுங்கிறதால, உணவுக்கு வளர்க்கிற கால்நடை, கோழிங்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு மத்திய அரசு 2019 ஜூலையிலேயே தடை போட்டாச்சு. ஆனா சளி பிடிச்ச கோழிக்கு மெடிக்கல்ல ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் பொடிச்சுப் போடுறது கிராமத்துல இன்னமும் நடக்குது. அதை மறைச்சு லேபிள் ஒட்ட எனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

டவுன்ல இருக்கிற நீங்க ஒண்ணு செய்யலாம். நாட்டுக்கோழி முட்டை வாங்கும்போது தீவனம் புளிச்சதா இல்லையான்னு கேட்கிறதோட, வேற மூணு கேள்வியும் கேளுங்க. தடுப்பூசி எப்போ போட்டீங்க? கோழிக்கு உடம்பு சரியில்லாம மாத்திரை குடுத்தா எத்தனை நாள் முட்டையை விக்காம நிறுத்துவீங்க? தானியத்தை எங்க காயவைச்சு சேமிக்கிறீங்க? இதுக்குத் தயங்காம பதில் சொல்ற வீட்டுல கண்ணை மூடிட்டு வாங்கலாம். வாங்குற காசை, முடிஞ்சா, அந்தக் கோழிக்குத் தீவனம் வைச்ச கையிலேயே குடுங்க.

மாடியில நாலு கோழி வைச்சிருக்கிறவங்களுக்கு: பாட்டிலை நிறுத்துங்க. நாளைக்குக் காலையில மிஞ்சின நீராகாரத்தைக் கீழ கொட்டாம ஒரு கரண்டி எடுத்து வைங்க. குழாய்த் தண்ணியில குளோரின் வாசம் இருந்தா ராத்திரியே பிடிச்சுத் திறந்து வைச்சிடுங்க. ஒரு கோழிக்கு உலர்ந்த கணக்குல நாளைக்கு 100 கிராம் தானியம் போதும். பக்கத்து வீட்டுக்காரங்க புளிப்பு வாசத்துக்குச் சண்டைக்கு வந்தா, ரெண்டு முட்டை குடுத்துச் சமாளிச்சுக்குங்க.