இடக்கைப் பிள்ளையைக் கண்டிக்கலாமா?

கொப்பியைத் திறந்ததும் பிள்ளையின் இடது கை பென்சிலை எடுக்கிறது. "அந்தக் கையால எழுதாதே!" என்று உம்மா அதட்டுகிறார். மூத்தும்மா கையில் ஓர் அடியும் வைக்கிறார். பிள்ளை வலது கையால் கோணலாக எழுதிவிட்டு அழுகிறது. சகோதரிகளே, இது பிள்ளை பழகிக்கொண்ட கெட்ட பழக்கமா, அல்லது பிறவியிலேயே அமைந்த இயல்பா?

மனிதரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர். இது இன்று நேற்று ஏற்பட்டதல்ல. ஸ்பெயின் நாட்டின் அதாபுவெர்க்கா மலைக் குகையொன்றில், சுமார் 4 இலட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனித எலும்புகள் கிடைத்தன. அவர்களின் முன்பற்களில் சிறு கீறல்கள் இருந்தன. இறைச்சியின் ஒரு முனையைப் பல்லால் கவ்வி, மறுமுனையை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மற்றக் கையிலிருந்த கூரிய கல்லால் அவர்கள் அறுத்தார்கள். கல் தவறிப் பல்லில் பட்டால் கீறல் விழும். அதன் சாய்வைப் பார்த்தே அறுத்த கை எதுவென அறியலாம். அங்கும், பின்னர் ஐரோப்பாவில் வாழ்ந்த நியாண்டர்தால் மனிதரிடமும் மிகப் பெரும்பாலான கீறல்கள் வலக்கையைக் காட்டின. ஒரு சிலருடையவை மட்டும் எதிர்ப்புறம் சாய்ந்திருந்தன.

இந்த இயல்பு கருவறையிலேயே தென்படுகிறது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பேராசிரியர் பீட்டர் ஹெப்பர் குழுவினர், ஸ்கேன் மூலம் கருவில் விரல் சூப்பிய சிசுக்களைக் கவனித்தனர். அவர்களில் 75 பேரை 10 முதல் 12 வயதில் மீண்டும் பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டனர். கருவில் வலது விரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கையராகவே இருந்தனர். இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கையர். 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, இடக்கைப் பழக்கத்தோடு தொடர்புடைய 41 மரபணுப் பகுதிகளை இனங்கண்டது. ஆயினும் மரபணு மட்டுமே கையைத் தீர்மானிப்பதில்லை. ஒரே கருவில் உருவான இரட்டையரிலும் ஒருவர் வலக்கையராகவும் மற்றவர் இடக்கையராகவும் இருப்பதுண்டு.

அடித்தால் மாறாதா? இங்கிலாந்தில் 1900ஆம் ஆண்டளவில் பிறந்தோரில் நூற்றுக்கு மூன்று பேர்தான் இடக்கையராகக் கணக்கிடப்பட்டனர். பாடசாலைகளில் வற்புறுத்தல் குறைந்தபின் அத்தொகை பத்தை எட்டியது. கண்டிப்பு இயல்பை மறைத்ததேயன்றி மாற்றவில்லை.

வலக்கையால் உண்பது நமது மார்க்க ஒழுக்கம். அதைப் பிஸ்மி சொல்லிக் கொடுப்பதுபோல, சிறு வயதிலிருந்தே பொறுமையாகப் பழக்குவோம். எழுதுவதும் வரைவதும் வேறு விடயம். இடக்கையால் எழுதும் பிள்ளைக்குக் கொப்பியைச் சற்று வலப்புறம் சாய்த்து வைத்துக் கொடுங்கள். வகுப்பில் வாங்கின் இடது ஓரத்தில் இருத்துமாறு ஆசிரியையிடம் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. உண்ணும் கையைப் பழக்குவதற்காக எழுதும் கையை அடிக்க வேண்டியதில்லை.