கால் எங்கே இருந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

'பிரேக்கைத்தான் மிதித்தேன், கார் தானாகப் பாய்ந்தது' என்ற வாக்குமூலங்களை உங்கள் கட்டுரை அப்படியே ஏற்றுக்கொண்டது வருத்தம் தந்தது. அமெரிக்காவில் ஆடி 5000 காருக்கு நேர்ந்ததை மறக்கக் கூடாது. 1986-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி அந்தக் கார் தானாக நகர்வதைக் காட்டியது. கியர் பெட்டியில் துளையிட்டு, அழுத்தக் காற்றைச் செலுத்தி எடுத்த காட்சி அது என்பது பிறகுதான் வெளிவந்தது. அதற்குள் விற்பனை சரிந்துவிட்டது. 1989-இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்து சொன்ன முக்கியக் காரணம், ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே.

நல்ல நிலையிலுள்ள பிரேக்கை ஓங்கி மிதித்தால், எஞ்சின் முழு வீச்சில் இழுத்தாலும் கார் நிற்கும். நிற்கவில்லை என்றால், கால் எங்கே இருந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஓட்டியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. கால் தவறியது அவருக்கே தெரியாது. பயத்தில் அதே பெடலை இன்னும் அழுத்துகிறார்.

டொயோட்டா கார்களும் தானாக வேகமெடுப்பதாகப் புகார் எழுந்த விவகாரத்தில், தரைவிரிப்பில் சிக்கிய பெடலும், மேலெழாமல் ஒட்டிக்கொண்ட பெடலும் உண்மையான கோளாறுகள். அவற்றைப் பற்றி மக்களைத் தவறாக நம்பவைத்ததற்காக அந்நிறுவனம் 2014-இல் 120 கோடி டாலர் கட்டியது, கட்ட வேண்டியதுதான். ஆனால் மின்னணுக் கோளாறைத் தேடிய நாசா பொறியாளர்களுக்கு, 2011-இல் வெளியான அறிக்கையின்படி, அதற்கான சான்று கிடைக்கவில்லை.

விபத்துக்குள்ளான பல கார்களில் எந்தப் பெடல் அழுத்தப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். அடுத்த முறை அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

– ஒரு வாசகர்