மலிவுக் கட்டண விமானப் பயணிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
வெளிநாட்டில் வேலை செய்வோர் குடும்பங்களின் சங்கம்,
திருநின்றவூர், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம்,
புது டெல்லி.

வழி: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவள்ளூர்.

பொருள்: ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட மலிவுக் கட்டண விமானங்கள் – வெளிநாடு செல்லும் தொழிலாளர்களின் கட்டணம், பெட்டி எடை, நேரமாற்ற இழப்பீடு – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

ஏர் இந்தியாவின் துணை நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 2005 ஏப்ரல் 29 அன்று திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத் தன் முதல் விமானத்தை இயக்கியது. வளைகுடாவில் உழைப்பவர்கள் கையைக் கடிக்காத கட்டணத்தில் ஊர் வந்து போகவே அரசு அதைத் தொடங்கியது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியாவுடன் சேர்ந்து அதுவும் டாடா குழுமத்தின் வசம் போனது. முன்பு ஏர் ஏஷியா இந்தியா என்று அறியப்பட்ட நிறுவனம் 2024 அக்டோபர் 1 அன்று இதனுடன் இணைந்தது. நிறுவனம் வளர்வதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. ஆனால், உள்நாட்டு வழித்தடங்கள் பெருகிய நிலையில், யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்கள் பின்வரிசைக்குப் போய்விடக் கூடாது.

திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் சென்று, அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம் போகிறோம். பகல் விமானம் நள்ளிரவுக்கு மாறினால் வாடகைக் கார்தான் கதி. பெட்டி எடை கூடினால் கவுன்டரில் தனிப் பணம். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது விமானம் ஏறும் முன்பே கரைந்துவிடுகிறது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஊழியர்கள் பலர் ஒரே நேரத்தில் மருத்துவ விடுப்பு எடுத்ததால் விமானங்கள் ரத்தாகிப் பயணிகள் தவித்ததை நாடே பார்த்தது. விடுப்பு முடிந்து குறித்த நாளில் திரும்பாத தொழிலாளிக்குச் சம்பளம் பிடிக்கப்படும். விசா காலாவதியானால் வேலையே போகும்.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. 2020 மே மாதம் உள்நாட்டு விமானக் கட்டணத்துக்கு அரசு விதித்த வரம்பு 2022 ஆகஸ்ட் 31 வரை நீடித்தது. அதுபோலப் பள்ளி விடுமுறை, பண்டிகைக் காலங்களில் இந்தியாவிலிருந்து வளைகுடா செல்லும் விமானங்களுக்கும் உச்சவரம்பு வேண்டும்.

2. வளைகுடா வழித்தடங்களில் 30 கிலோ பெட்டி எடையைக் கட்டணமின்றி அனுமதிக்க வேண்டும். டிக்கெட் எடுத்த பிறகு அதைக் குறைக்கக் கூடாது.

3. உரிய முன்னறிவிப்பின்றி ரத்தாகும் விமானங்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ரூ.10,000 வரை இழப்பீடு வழங்க விதி உள்ளது. கடைசி நேரத்தில் பகல் விமானத்தை இரவுக்கு மாற்றுவதையும் அதில் சேர்க்க வேண்டும்.

4. தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் விமானங்களில் பயணியின் உரிமைகளைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். ரத்து, தாமதம் குறித்த குறுஞ்செய்திகளும் தமிழில் வர வேண்டும்.

5. சென்னையிலிருந்து வளைகுடா நகரங்களுக்கு நேரடி விமானங்களை அதிகரிக்க வேண்டும்.

உரிமையாளர் மாறியதால், 2005இல் தொழிலாளிக்குத் தந்த வாக்கு காலாவதியாகிவிடக் கூடாது. இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: திருநின்றவூர்

நகல்: தலைமை இயக்குநர், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், புது டெல்லி.