கையில் ரெசின் ஒட்டினால் கேவலமா?



"உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" முதலாண்டில் யாராவது இப்படிக் கேட்டால் என் வாய் அடைத்துப் போகும். கடலோரத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர் என் அப்பா. கையெல்லாம் ரெசின், சட்டையெல்லாம் கண்ணாடித் தூள். "சொந்தத் தொழில்" என்று சொல்லி நழுவிவிடுவேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படித்தவன் கையில் அழுக்குப் படக்கூடாது என்பதுதான் அன்று என் எண்ணம்.

அதை மாற்றியது நூலகத்தில் படித்த ஒரு விஷயம். அமெரிக்காவில் வீட்டுக் கார் ஷெட்டிலேயே சிறு விமானம் கட்டிப் பறக்கலாம். ஆனால் பெரும்பகுதி வேலையை, கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்குக்காகவோ செய்கிறவர்கள் தங்கள் கையாலேயே செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். இவர்களுக்கென்று 1953லேயே மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது.

அதில் ஒரு சின்ன வேலையைப் பாருங்கள். விமானியின் தலைக்கு மேல் இருக்கும் அக்ரிலிக் மூடிக்குப் பெயர் கேனோபி. மூடியின் அடிவிளிம்புக்கும் விமான உடலுக்கும் நடுவே உள்ள சந்தில் காற்றும் மழையும் புகும். அதை மறைக்கும் பட்டைதான் ஸ்கர்ட். இதற்குத் தனி அச்சு வேண்டாம், விமானமே அச்சு! ரெசின் பிடிக்காமலிருக்க உடல்மேல் பேக்கிங் டேப் ஒட்டி, சந்தைக் களிமண்ணால் நிரப்பி, கண்ணாடித் துணியை எபாக்சியில் நனைத்து அடுக்கடுக்காகப் பதிக்கிறார்கள். இறுகியதும் தேய்ப்பு. குழி தெரிந்தால் பூச்சு, மறுபடி தேய்ப்பு. நாள்கணக்கில் இழுக்கும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "ஏன்டா, நம்ம ரெசின் தெர்மகோலையே தின்னுடும். அந்த மூடியைச் சும்மா விடுமா?" என்றார். அசந்துபோனேன்! படகுக்குப் போடும் பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன், அக்ரிலிக்கில் முடிபோல் விரிசல் உண்டாக்கும். அதனால்தான் அங்கே எபாக்சி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் கேட்டதற்கு நான் புத்தகம் புரட்டிப் பதில் தேட வேண்டியிருந்தது.

நம் ஒர்க்‌ஷாப்பில் என்ன நடக்கிறது? சீனியர் ராவிக் கொடுத்த ஃபிட்டிங் பீஸை எமரி போட்டுப் பளபளப்பாக்கி மார்க் வாங்குகிறோம். நானும் வாங்கியிருக்கிறேன். "டிப்ளமா முடிச்சா சூப்பர்வைசர்தானே, கைவேலை எதுக்கு?" என்கிறார்கள் சில நண்பர்கள். ரெசின் எத்தனை நிமிடத்தில் இறுகும் என்று தெரியாத சூப்பர்வைசர் நின்றால் டப்பாவிலேயே இறுகிப் போகும். திட்டு மட்டும் தொழிலாளிக்கு விழும்!

போன விடுமுறையில் ஒரு படகுக்கு நானே மேட் பதித்தேன். இரண்டு இடத்தில் காற்றுக் குமிழ். அப்பா பிய்த்துப் போட்டுவிட்டு, "மறுபடி போடு" என்றார். போட்டேன். வாயில் துண்டு கட்டித் தேய்க்கும் அவருக்கு ஒரு முகமூடியும் வாங்கிக் கொடுத்தேன்.

நண்பர்களே, முதல் பீஸ் கோணலாகத்தான் வரும். வரட்டும், அது நம் கை செய்தது. என் அப்பா ஃபைபர் வேலை செய்கிறவர். இனி யார் கேட்டாலும் அப்படியே சொல்வேன்.

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு