தேர் இழுக்க வர்ற பிள்ளைங்க திங்கட்கிழமை எங்க போறாங்க?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

திருவிழா நல்லபடியா முடிஞ்சது. மறுநாள் திங்கட்கிழமை காலையில மண்டபம் கழுவ ஆள் வேணும்னு குழுவுல ஒரு மெசேஜ் போட்டோம். பத்து நிமிஷத்துல எட்டுப் பையன்க வந்து நின்னாங்க. பெரிய சட்டி கழுவி, பந்தல் பிரிச்சு, குப்பை ஏத்தி எல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அப்பதான் பூ கட்டுற அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏம்பா, வேலை நாள்ல காலையில பத்து மணிக்கு இத்தனை பிள்ளைங்க எப்படி சும்மா இருக்காங்க?"

எங்களால பதில் சொல்ல முடியல. எட்டுப் பேர்ல ரெண்டு பேருக்குத்தான் வேலை இருந்தது, அவங்க அன்னைக்கு லீவு. மத்த ஆறு பேரும் படிக்கவும் இல்ல, வேலைக்கும் போகல. எல்லாரும் 17 வயசுல இருந்து 23 வயசுக்குள்ள.

இந்தக் காலத்துப் பிள்ளைங்க சோம்பேறிங்கன்னு நம்மில் பலர் சொல்றோம். நாங்களும் சொல்லியிருக்கோம். ஆனா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போற வழியில விடிய விடிய தண்ணீர்ப் பந்தல்ல நின்னது யாரு? அன்னதானத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வெங்காயம் உரிச்சது யாரு? இதே பிள்ளைங்கதான். நேரத்துக்கு வந்தாங்க, சொன்னதைக் கேட்டாங்க, கூட்டத்தைச் சமாளிச்சாங்க. இதைச் சோம்பேறி செய்ய மாட்டான்.

எங்கள்ல சிலர் பிறை பக்கம் ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருக்கோம். ஆள் எடுக்குற மேசைக்கு இந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்திருக்கோம். நம்ம பிள்ளைங்க எங்க தடுக்கி விழுறாங்கன்னு கண்ணால பார்த்திருக்கோம். பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயம்தான். எஸ்பிஎம் சான்றிதழை ஸ்கூல்ல போய் எடுக்கவே இல்ல. ஐசி தொலைஞ்சு போச்சு, மாத்தல. ஃபோன் நம்பர் மாறிப்போச்சு, கம்பெனி கூப்பிட்டது தெரியல. மோட்டார் ஓட்டுவான், லைசென்ஸ் இல்ல. ஃபாரத்துல அனுபவம்ங்கிற இடத்துல 'இல்லை'ன்னு எழுதி வச்சிருப்பான். மூணு வருஷமா கோயில் சமையல் கட்டைப் பார்த்துக்கிட்ட பையன் அவன்! அது அனுபவம்னு அவனுக்கு யாரும் சொல்லல.

அடுத்தது, வேலை கிடைச்ச பிறகு வர்ற பிரச்சினை. ரெண்டாவது வாரத்துல நின்னுடுவாங்க. நாங்களும் "பாரு, நிலைக்க மாட்டேங்கிறான்"னு சொல்வோம். ஒரு தடவை வீட்டுக்கே போய்க் கேட்டோம். பெட்ரோலுக்குக் காசு இல்ல, அதான் காரணம். சேர்ந்த தேதியைப் பொறுத்து முதல் சம்பளம் கைக்கு வர நாலு, அஞ்சு வாரம் ஆகும். அதுவரைக்கும் பெட்ரோல், சாப்பாடு, சேஃப்டி ஷூ எல்லாத்துக்கும் வீட்டுல கேட்கணும். வீட்டுல இருந்தாத்தானே கொடுப்பாங்க? சொல்ல வெட்கப்பட்டு அவன் நின்னுட்டான்.

பெண் பிள்ளைங்களை நாம் கணக்குலயே சேர்க்கிறது இல்ல. பாட்டிக்கு முடியல, தம்பி தங்கச்சியைப் பார்க்கணும்னு வீட்டோட நின்னுட்டவங்க நம்ம தாமான்லயே எத்தனை பேர்? அவங்க ரோட்டு ஓரம் உட்காருறது இல்ல. அதனால நம்ம கண்ணுல படல.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லியாகணும். ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒரு பையன் எங்ககிட்ட வந்தான். தொழிற்பயிற்சிக்கு மனுப் போடணும், ஃபாரம் நிரப்ப உதவி பண்ணுங்க, ஒரு கடிதமும் வேணும்னு கேட்டான். திருவிழா நேரம். "முடியட்டும் தம்பி, அப்புறம் பார்க்கலாம்"னு சொல்லி அனுப்பினோம். திருவிழா முடிஞ்சது, மனுப் போடுற தேதியும் முடிஞ்சது. இப்ப அவன் கோயிலுக்கு வர்றது இல்ல. வழியில பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறான். தப்பு அவன் மேல இல்ல, எங்க மேல. எங்களுக்குக் கால் மணி நேர வேலை அது.

வழி இல்லாம இல்ல. தெரிஞ்ச வரைக்கும் சொல்றோம்.

எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்க பஹாசா மலாயு, செஜாரா ரெண்டுலயும் தேறணும். அதுல விழுந்துட்டா கதை முடிஞ்சதுன்னு பல பெற்றோர் நினைக்கிறாங்க. முடியல. அந்த ரெண்டு பாடத்தையும் மறுபடி எழுதலாம்.

எஸ்பிஎம் இல்லாதவங்களுக்கும் எஸ்கேஎம் திறன் சான்றிதழ் இருக்கு. முதல் நிலைக்கு மலாயோ ஆங்கிலமோ பேச, எழுதத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். அங்கிருந்து மூணாவது நிலை, அப்புறம் டிப்ளோமா வரைக்கும் ஏறலாம். வெல்டிங், ஏர்கோன், மின்சாரம், மோட்டார் ரிப்பேர், சமையல், அழகுக்கலைன்னு நிறைய துறை இருக்கு. நம்ம பக்கத்துலயே கெப்பாலா பத்தாஸ்ல ஐஎல்பி இருக்கு, சமூகக் கல்லூரியும் இருக்கு. எஸ்எல்டிஎன்னு இன்னொரு வழி. அதுல பெரும்பகுதி நேரம் வேலை இடத்துலயே கத்துக்கலாம், கொஞ்ச நேரம்தான் வகுப்பு. பல வருஷம் பட்டறையில வேலை செஞ்சும் கையில பேப்பர் இல்லாதவங்க, அந்த அனுபவத்தைக் காட்டியே சான்றிதழ் வாங்கவும் முறை இருக்கு. வேலை தேடுறவங்க பெர்கேசோவோட மைஃபியூச்சர்ஜாப்ஸ்ல இலவசமா பதியலாம்.

ஒரு எச்சரிக்கை. தனியார் பயிற்சி நிலையத்துல சேருறதுக்கு முன்ன ஜேபிகே அங்கீகாரம் அந்தப் படிப்புக்கே இருக்கான்னு கேளுங்க. கடன் வாங்கிச் சேர்ந்து, படிப்பும் முடியாம கடனோட நிக்கிற பிள்ளைங்களைப் பார்த்திருக்கோம். ஃபேஸ்புக்ல வர்ற வெளிநாட்டு வேலையை நம்பிக் கிளம்பாதீங்க. கம்போடியா, மியன்மார்னு போய் மோசடிக் கும்பல்கிட்ட சிக்கின மலேசியப் பிள்ளைங்க கதை செய்தியில வந்ததுதான்.

சில தம்பிங்க கேட்கிறாங்க, "ஃபேக்டரியில என்ன அங்கிள் கொடுப்பாங்க? கைக்காசு வேலையில தினமும் காசு பார்க்கலாமே?" உழைக்கிற யாரையும் நாங்க குறைச்சுப் பேசல. ஆனா கணக்குப் பாருங்க. 2025 பிப்ரவரியில இருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதுக்கு முதலாளி இபிஎஃப்ல 221 வெள்ளி போடணும், நம்ம பங்கு 187 வெள்ளி. மாசம் 408, வருஷத்துக்கு 4,896 வெள்ளி நம்ம பேர்ல சேருது. அடிபட்டா பெர்கேசோ இருக்கு. கைக்காசு வேலையில கை உடைஞ்சா அன்னைக்கே வருமானமும் நின்னுடும்.

அப்ப கோயில் என்ன செய்யலாம்? ஒரு தடவை வேலை வழிகாட்டிக் கூட்டம் வச்சோம். பேச்சாளருக்கு மாலை போட்டோம், பேனர் முன்னால நின்னு படம் எடுத்தோம், மீ கோரிங் கொடுத்தோம். அடுத்த வாரம் எந்தப் பையனுக்கும் ஒரு ஃபோன் கூடப் போடல. அந்த மாதிரி இன்னொண்ணு வேண்டாம்.

எங்க யோசனை மூணு. ஒண்ணு, ஞாயிறு காலை பூஜைக்குப் பிறகு மண்டபத்துல ஒரு மேசை. ஃபாரம் நிரப்ப, பயோடேட்டா எழுத, கோயில்ல செஞ்ச வேலைக்குக் கடிதம் கொடுக்க. ரெண்டு, துணைக்குப் போறது. ஐசி ஆபீஸா, பழைய ஸ்கூலா, இன்டர்வியூவா, ஒரு பெரியவர் கூடப் போகணும். தனியாப் போகப் பயந்தே பாதிப் பேர் போறது இல்ல. மூணு, முதல் சம்பளம் வரைக்கும் ஆளுக்கு 300 வெள்ளி கைமாத்து. சம்பளம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுக்கணும். பத்துப் பேருக்கு 3,000 வெள்ளி. அடுத்த வருஷ அலங்கார வளைவைக் கொஞ்சம் சின்னதாக்கினா இது வந்துடும்.

கோயில் சாமி கும்பிடுற இடம், வேலை தேடுற ஆபீஸ் இல்லன்னு சில பெரியவங்க சொல்றாங்க. அவங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. கோயில் காசு போயிடுமோன்னு அவங்க பயப்படுறதும் நியாயம்தான். திரும்பி வராத கைமாத்தும் சிலது இருக்கும், அதை மறைக்க விரும்பல. ஆனா அந்தப் பிள்ளைங்க தோள்லதான் நம்ம சாமி ஊர்வலம் போகுது. பாரம் தூக்க மட்டும் அவங்களைக் கூப்பிட்டுட்டு, அவங்க பாரத்தை நாம பார்க்காம இருந்தா அம்மன் முன்னால எப்படி நிக்கிறது?

பணத்தைப் பத்தி நிர்வாகம்தான் முடிவு பண்ணணும். வர்ற கூட்டத்துல பேசப் போறோம். உறுப்பினர்கள் தயவுசெஞ்சு வாங்க, ஆதரவோ எதிர்ப்போ நேர்ல சொல்லுங்க. மேசை போடக் காசு தேவையில்ல, சாப்பாட்டு மேசையே போதும். இந்த ஞாயிறே தொடங்குறோம், பத்து மணியில இருந்து பன்னிரண்டு வரைக்கும். ஐசி இருந்தா எடுத்துட்டு வாங்க, இல்லன்னாலும் வாங்க. ஃபாரம் நிரப்பத் தெரிஞ்ச அக்கா, அண்ணன், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் யாராவது ரெண்டு மணி நேரம் கொடுத்தா பெரிய உதவி.

தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போற அந்தத் தம்பி வீட்டுக்கு நாங்களே இந்த வாரம் போறோம். முதல்ல மன்னிப்புக் கேட்டுட்டு, அப்புறம் ஃபாரம்.

உங்கள் ஆலயத் தொண்டர்கள் 🙏