படிப்பகத்தின் புதிய பாடம்

2020 மார்ச் 25. நாடெங்கும் ஊரடங்கு! 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடிய மின்சார ரயில் நின்றுகிடந்தது. பழைய மாமல்லபுரம் சாலைக் கணினிப் பணியாளர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார், சம்பளம் வந்தது. குரோம்பேட்டைக் கணக்கெழுத்தருக்கும் பல்லாவரத்துத் தட்டச்சருக்கும்? அவர்கள் தொழிலும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியதுதான். ஆனால், தொழில் தெரிந்தவர் இங்கே இருக்கிறார் என்பது ஊருக்குத் தெரியவில்லையே!

இணையத்தில் தன் பெயர், தொழில், செய்து முடித்த வேலையின் மாதிரி, நற்சான்று இவற்றைப் பதிந்து வைப்பதைத் தற்புகழ்ச்சி என்று கூசுவோர் உண்டு. பட்டறை வாசலில் பலகை மாட்டுவது தற்புகழ்ச்சியா, தோழர்களே?

அன்று நம் படிப்பகங்கள் ஏடு படிக்கவும் மேடையில் பேசவும் கற்றுத் தந்தன. இன்று அங்கே ஒரு கணினி வரட்டும். ஞாயிறுதோறும் கிளைத் தோழர்கள் அமர்ந்து, வட்டாரத் தொழிலாளர் ஒவ்வொருவர் திறமையையும் கட்டணமின்றிப் பதிந்து தரட்டும். வேலை தருவதாக முன்பணம் கேட்கும் எத்தர்களை அடையாளம் காட்டட்டும். உணவும் பொருளும் கொண்டு சேர்க்கும் இணையவழித் தொழிலாளர்க்கென 2023-இல் தமிழக அரசு அமைத்த நல வாரியத்தில் சேரவும் துணை நிற்கட்டும்.

அடுத்த நெருக்கடி சொல்லிவிட்டு வராது. முந்திக்கொள்வோம்!